அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே

சமையலறை சின்னது என்று அலுத்துக்கொள்வோருக்கு உண்மையில் போதாமல் இருப்பது பெரும்பாலும் மேடைதான். 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம்தான். நடையை எண்ணிக் குறைத்ததால் அதுவே போதுமானதாயிற்று. பிறகு அமெரிக்காவில் உருவான முக்கோண விதி, அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றையும் சுற்றிவர ஆகும் தூரம் 13 முதல் 26 அடிக்குள் அடங்கட்டும் என்கிறது. நல்ல விதிதான், ஆனால் நம் மிக்ஸியும் கிரைண்டரும் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே நான் முதலில் பார்ப்பது தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள வெற்று மேடையைத்தான். கழுவிய காயை நறுக்குவதும் அங்கே, இறக்கிய குக்கரை வைப்பதும் அங்கே. மூன்றடியாவது விடுங்கள். மிக்ஸி அதன் ஓரத்தில், பிளக்கில் தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்கட்டும். கிரைண்டரைத் தூக்கி அலையாதபடி தொட்டியருகே நிரந்தர இடம் வேண்டும்.

அடுப்பு அக்னி மூலையில்தானே இருக்க வேண்டும் என்பார்கள். இருக்கட்டுமே, கட்டும்போதே தொட்டியின் இடத்தை அதற்கேற்பக் குறித்துவிடலாம். கட்டி முடித்த வீட்டில் குழாயை நகர்த்துவது செலவுதான். அங்கே நடுமேடையை அடைத்திருக்கும் டப்பாக்களைச் சுவர் அலமாரிக்கு ஏற்றினாலே கை வீச இடம் கிடைத்துவிடும்.