பேஸில் முதல் டேபிள்

புத்தகம் இரவல் கொடுத்த கணக்கை ஸ்பிரெட்ஷீட்டில் வைப்பவர்கள், நண்பரின் பெயரையும் போன் எண்ணையும் ஒவ்வொரு வரியிலும் டைப் செய்கிறார்கள். அவர் எண் மாறினால் இருபது வரிகளைத் திருத்த வேண்டும். ஒன்றாவது விட்டுப்போகும். ஒரு விவரத்தை ஒரே இடத்தில் வைப்பதுதான் டேட்டாபேஸின் வேலை.

இதற்காக ஆக்சஸ் வாங்கத் தேவையில்லை. 2005ல் ஓப்பன்ஆபீஸ் 2.0 உடன் வந்த பேஸ், இன்று லிப்ரேஆபீஸிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

புதிய டேட்டாபேஸை உருவாக்கி, டேபிள்ஸ் பகுதியில் டிசைன் வியூவைத் திறவுங்கள். நண்பர்கள் டேபிளுக்கு எண், பெயர், போன் என மூன்று பீல்டுகள் போதும். போனை டெக்ஸ்ட் வகையாகவே வையுங்கள். பத்து இலக்க மொபைல் எண் இன்டிஜரில் அடங்காது. 'எண்' பீல்டுக்கு இன்டிஜர் வகை, ஆட்டோவேல்யூ 'யெஸ்'. அந்த வரியின் இடது ஓரத்தில் ரைட் கிளிக் செய்து பிரைமரி கீ ஆக்குங்கள். பிரைமரி கீ இல்லாத டேபிளில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. சாப்ட்வேர் கெட்டுவிட்டது என்று பலர் பேஸை மூடிவிடுவது இங்கேதான்!

இரவல் டேபிளுக்கும் இப்படியே தனி பிரைமரி கீ வேண்டும். அதில் நண்பரின் பெயருக்குப் பதில் அவர் எண் மட்டும், அதே இன்டிஜர் வகையில். பிறகு டூல்ஸ் மெனுவின் ரிலேஷன்ஷிப்ஸில் ஒரு எண்ணை இழுத்து மற்றதன் மேல் விடுங்கள்.

அடுத்த வரிக்குப் போனதும் பதிவு சேமிக்கப்பட்டதாகத் தோன்றும். ஆனால் பேஸின் முதன்மை விண்டோவில் சேவ் கொடுத்தால்தான் பைலுக்குள் போகும். கரண்ட் போகும் ஊர்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோல்+எஸ் அழுத்துங்கள். வாரம் ஒரு காப்பி பென்டிரைவில்.