உப்பு இன்ஸ்பெக்டர் வீட்டுப் பெண்ணுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொள்ளுத்தாத்தாவைப் பற்றி விசாரித்து எழுத நம் வீட்டில் ஒருத்தி கிளம்பியிருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஊரில் இன்றைக்கும் நம் வீட்டுக்கு ‘உப்பு இன்ஸ்பெக்டர் வீடு’ என்றுதான் பெயர். அந்த இன்ஸ்பெக்டர் எந்தெந்த ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் நம்மில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு வந்தபோது தாத்தா வேலையை உதறிவிட்டு உப்புச் சத்தியாக்கிரகிகளோடு சேர்ந்தார், அதை ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும் என்கிறாய். முடிவை முன்னாலேயே கையில் வைத்துக்கொண்டு ஆவணம் தேடக் கூடாதம்மா. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் என் பாட்டி இன்னொன்றும் சொல்வார். மாதம் பிறந்தால் தாத்தா தலைப்பாகை கட்டிக்கொண்டு வில்வண்டியில் தாலுகா கஜானாவுக்குப் போய்ப் பென்ஷன் வாங்கி வருவாராம். அந்தக் கால விதிப்படி, ராஜினாமா செய்தவருக்கு அதுவரை பார்த்த சர்வீஸ் அத்தனையும் கழிந்துபோகும், பென்ஷன் கிடையாது. பாட்டி சொன்னது சரியென்றால் அவர் முறைப்படி ஓய்வு பெற்றவர். இரண்டு கதையும் ஒருசேர நிற்காது. எது நிற்கும் என்பதைக் காகிதம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் இலாகாவைப் புரிந்துகொள். சென்னை மாகாணத்தில் உப்பும் மதுவும் ஒரே இலாகாவின் கையில் இருந்தன. ‘சால்ட் அண்டு அப்காரி’ என்பார்கள். அப்காரிச் சட்டம் 1886-இல் வந்தது, உப்புச் சட்டம் 1889-இல். இன்று உப்பளத்தில் எடை பார்ப்பவர் அடுத்த மாற்றலில் சாராயக் கடை லைசென்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். மேலே கமிஷனர், கீழே வர வர டெபுடி கமிஷனர், அசிஸ்டென்ட் கமிஷனர், இன்ஸ்பெக்டர், அசிஸ்டென்ட் இன்ஸ்பெக்டர், சப்-இன்ஸ்பெக்டர், பெட்டி ஆபீசர், பியூன். இன்ஸ்பெக்டர் பதவியில் நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும்தான் இருந்தார்கள். ஊர் வாயில் காக்கிச் சட்டை போட்டவரெல்லாம் இன்ஸ்பெக்டர்தான். நம் தாத்தா சப்-இன்ஸ்பெக்டராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் குறைவு ஒன்றுமில்லை, ஆனால் தேடும்போது எந்தப் பட்டியலைப் பார்ப்பது என்பது அதைப் பொறுத்தது.

வருஷத்தையும் கவனி. 1924-இல் உப்பு மத்திய சர்க்காரின் நேரடிப் பொறுப்புக்குப் போய்விட்டது. மது மாகாணத்தோடு நின்றது. அதற்குமுன் என்றால் ஒரே கட்டில் தேடலாம். பின் என்றால் தாத்தா எந்தப் பக்கம் போனார் என்று முதலில் தெரிய வேண்டும். வீட்டுக்குப் பேர் ‘உப்பு இன்ஸ்பெக்டர் வீடு’ என்பதால் உப்புப் பக்கம்தான் என்று முடிவுகட்டிவிடாதே. உன் சிநேகிதி தன் தாத்தாவும் இதே இலாகா என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அவர் காலம் 1940-களுக்குப் பின் என்றால் அது வேறு கிளை. தீப்பெட்டிக்கு 1934-இல், புகையிலைக்கு 1943-இல் மத்திய கலால் வரி வந்து, 1944-இல் அதற்கென்று தனிச் சட்டம் ஆனது. அந்த வழி வேறு, அதன் காகிதங்கள் இருக்கும் இடமும் வேறு.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்குமுன் வீட்டைத் தேடு. உன் அத்தை வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடக்கிறது. சர்வீஸ் ரிஜிஸ்டரின் நகல் அதில் இருந்தால் நீ பாக்கியசாலி. நான் கலெக்டர் ஆபீஸ் ரிகார்டு ரூமில் இருந்தபோது அப்படிப்பட்ட ரிஜிஸ்டர்கள் நிறையக் கையில் வந்தன. முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், சாதி, பிறந்த தேதி, அடி அங்குலக் கணக்கில் உயரம், அதன் கீழே அங்க அடையாளம்: வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு என்று. இடது கை விரல் ரேகைகள் மசியில் பதிந்திருக்கும். போட்டோகூட இல்லாத ஒரு மனிதர் அந்தப் பக்கத்தில் எழுந்து வருவதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். அடுத்த பக்கங்களில் எந்த ஊர், என்ன சம்பளம், எப்போது லீவு, என்ன தண்டனை, எல்லாம் வரிசையாக இருக்கும்.

ரிஜிஸ்டர் இல்லையென்றாலும் சோர்ந்துபோகாதே. தாத்தாவின் பிள்ளைகள் எங்கெங்கே பிறந்தார்கள் என்று பெரியவர்களைக் கேள். ஒருவர் மரக்காணம், ஒருவர் தூத்துக்குடி என்று வந்தால் அதுவே அவருடைய மாற்றல் பட்டியல். கஞ்சம் ஜில்லா என்று யாராவது சொன்னால் திகைக்காதே. இன்று ஒடிசாவில் இருக்கும் ஊர்களுக்கும் அன்று சென்னையிலிருந்துதான் ஆளை அனுப்பினார்கள். ஜாதக நோட்டில் தமிழ் வருஷம்தான் இருக்கும். பிரபவ என்று போட்டிருந்தால் அது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷம் தவறினால் தகப்பனும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

பிறகு எழும்பூர். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909 முதல் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் இருக்கிறது. உன் கல்லூரியின் கடிதத்தோடு மனுக் கொடு. உள்ளே போனதும் கட்டுகளைக் கேட்காதே. வருஷவாரி இன்டெக்ஸைக் கேள். அதில் ஜி.ஓ. (அரசாணை) நம்பரும் தேதியும் கிடைத்த பிறகுதான் கட்டு. ரெவின்யூ போர்டில் ‘செபரேட் ரெவின்யூ’ என்ற பிரிவின் நடவடிக்கைகளில்தான் உப்பும் அப்காரியும் வரும். நியமனம், மாற்றலுக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டையும் புரட்டு. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதே. அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஊரின் இனிஷியல் ஒரு வருஷம் இருக்கும், மறு வருஷம் காணாது. நாளுக்கு ஒரே ஒரு பெயரையாவது முழுதாகத் தீர்த்துவிட்டு எழுந்தால் போதும். எதை எழுதிக்கொண்டாலும் பக்கத்திலேயே ஜி.ஓ. நம்பரையும் எழுது. நம்பர் இல்லாத குறிப்பு உனக்கே அடுத்த மாதம் உதவாது.

இனி நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவைத் தேடிப் போகும் நீ, அவர் யார் மேல் கேஸ் போட்டார் என்பதையும் பார்ப்பாய். பார்த்தே ஆக வேண்டும். கடலோரத்தில் தானாக விளைந்த உப்பை ஒரு பிடி அள்ளியவள், கஞ்சிக்குப் போட உப்பு மண்ணைச் சுரண்டியவன், இவர்களைப் பிடித்து அபராதம் போடவைத்ததும் ஜெயிலுக்கு அனுப்பியதும் இந்த இலாகாதான். தானாக விளைந்த உப்பை அழிப்பதும் அவர்கள் உத்தியோகத்தில் சேர்த்தி. 1888-இல் மணங்குக்கு இரண்டரை ரூபாய் வரி. மணங்கு என்பது நம் கணக்கில் 37 கிலோ சொச்சம். கூலிக்காரன் வீட்டுக்கு அது என்ன பாரமாக இருந்திருக்கும், யோசித்துப் பார்.

தெற்கே பனங்காட்டில் வேறு விதம். பதநீர் இறக்குகிறவர் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவினால் புளிக்காது, பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் அது கள்; அன்றைய சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இறக்கினால் குற்றம். அதிகாரி மரத்தடியில் நின்று, இறக்கிய கலயத்தை வாங்கி, உள்ளே சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த ஒரு பார்வையில் ஒரு குடும்பத்தின் அந்த மாதச் சாப்பாடு இருந்தது. நம் தாத்தா அந்த இடத்தில் எப்படி நடந்துகொண்டார்? கண்டும் காணாமல் போனாரா, கை நீட்டினாரா, சட்டப்படி எழுதினாரா? கேஸ் கட்டு கிடைத்தால் ஓரளவு தெரியும். எனக்கு அவர் சத்தியாக்கிரகியா இல்லையா என்பதைவிட இது தெரிய வேண்டும் என்றுதான் ஆசை.

இனி அந்தச் சத்தியாக்கிரகக் கதை. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் படை, வழியெல்லாம் மக்கள் போட்ட சோற்றை உண்டுதான் வேதாரண்யம் சேர்ந்தது. சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் எச்சரித்திருந்தும் போட்டார்கள். அகஸ்தியம்பள்ளியில் 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள்; அன்றே ராஜாஜி கைதானார். அந்தப் போராட்டத்துக்குத் துணைநின்ற வேதரத்தினம் பிள்ளை தன் சொத்தையே பறிகொடுத்தார். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்த வைரப்பனுக்கு அந்த ஊரில் நினைவுச் சின்னமே இருக்கிறது. அந்த ஏப்ரலில் உப்பு இலாகாவின் சிப்பந்திகள் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள். அவர்களில் ஒருவராக நம் தாத்தா இருந்திருந்தால், அதை அப்படியே எழுது. நாலு பிள்ளைகளும் விதவை அக்காவும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுது. ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்காதே. உன் அப்பாவும் சித்தப்பாக்களும் முகம் சுளித்தால் பெரியப்பா சொன்னார் என்று என்மேல் போடு.

நோட்டில் தாத்தாவின் பெயருக்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறாயோ, அவர் கேஸில் வரும் பெயர்களுக்கும் சில பக்கம் ஒதுக்கு. அந்தக் கட்டுகளில் தகப்பனார் பெயர், ஊர், வயது எல்லாம் இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் காகிதம் இருப்பதே தெரியாது.

மார்கழி பிறப்பதற்குள் மனுவைக் கொடுத்துவிடு. பொங்கலுக்கு வரும்போது அத்தை வீட்டுப் பெட்டியை நாம் சேர்ந்தே திறப்போம். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பெரியப்பா