நம் வீட்டு அரிசி எங்கிருந்து வருகிறது?

சென்ற வாரம் சாலை பஜாரில் அரிசி வாங்க நின்றேன். அடுக்கியிருந்த மூட்டைகளெல்லாம் ஆந்திர அரிசி. "தாத்தா, நம்ம ஊர்ல நெல் விளையாதா?" என்று பேத்தி கேட்டாள். நாஞ்சில் நாட்டில் பிறந்த எனக்குச் சுருக்கென்றது.

1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. அதுவே அந்த ராஜ்ஜியத்தின் நெற்களஞ்சியம். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம் விளைந்தது. அப்போதும் போதவில்லை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோக, ஏழை வீடுகளைக் காத்தது மரச்சீனிக் கிழங்கு. அதை முன்பே பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. (பாட்டி கிழங்கைக் கடைசிவரை குறை சொன்னதில்லை.)

கேரளத்தில் 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது. இன்று சுமார் 2 லட்சம். ரப்பர், தென்னை, வீட்டுமனை, கூலி உயர்வு எல்லாம் சேர்ந்து செய்த வேலை. வயலை நிரப்பக் கூடாதென்று 2008-இல் சட்டம் வந்தது. சட்டம் மண் லாரியைத் தடுக்கும். நாற்று நட ஆள் கொண்டுவராது.

இதோடு மழையும் மாறிவிட்டது. அரபிக்கடல் சூடேற, பல நாள் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டுகிறது. 2018 ஆகஸ்டில், கடல்மட்டத்துக்குக் கீழே பயிரிடும் குட்டநாடு முழுவதும் மூழ்கியது.

ரயில்வேயில் பாலங்களுக்கு நீர்வழி கணக்கிட்டவன் நான். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். வரப்புக்குள் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் சுமார் 405 கன மீட்டர், அதாவது 4 லட்சம் லிட்டர். வயலை மேடாக்கினால் அத்தனையும் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும்.

மகள் படிப்புக்காக 2003-இல் அப்பாவின் இரண்டு ஏக்கரை நானே விற்றேன். இப்போது அங்கே வீடுகள். 2021 நவம்பர் மழையில் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அது எவ்வளவு என்று எனக்குக் கணக்குத் தெரியும்.

மீதம் 40 சென்ட் இருக்கிறது. விலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். வருகிற கன்னிப்பூவுக்கு விதைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அறுப்புக்குப் பேத்தியும் வருகிறாள்.