குடியிருப்புச் சூழலும் மக்கள் நலமும்: தங்கவயல் தரும் பாடம்

உடல்நலம் மருத்துவமனையில் தொடங்குவதன்று; வீடு, குடிநீர், கழிப்பிடம், காற்று ஆகியவற்றில் தொடங்குகிறது. 1986இல் ஒட்டாவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் கூடிய மாநாடு, நலவாழ்வுக்குத் துணைநிற்கும் சூழலை உருவாக்குவதை இன்றியமையாத கடமைகளுள் ஒன்றாக அறிவித்தது. இக்கடமையின் பொருளைக் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் தெளிவாகக் காணலாம்.

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர் முதலிய சுரங்கங்களை வளர்த்தனர். வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், வரிசை வரிசையாக அமைந்த 'லைன்' வீடுகளில் நெருக்கமாகக் குடியிருந்தனர். 1902இல் சுரங்கப் பொறிகளை இயக்க, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. ஆனால், தொழிலாளர் குடியிருப்புகளில் உலர் கழிப்பிடங்கள் 1990கள் வரை நீடித்தன. மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமைக்கு எதிராக நாடெங்கும் இயக்கம் நடத்தி, 2016இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் இம்மண்ணில் பிறந்தவரே. பொறிக்குக் கிட்டிய முன்னுரிமை மனிதருக்குக் கிட்டவில்லை என்பதே இதன் பொருள்.

அடுத்தது தூசி. பாறையைப் பொடியாக்கிச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய மண், குன்றுகளாகக் குவிந்துள்ளது. மக்கள் இதனைச் 'சயனைடு மலை' என்பர். பலத்த காற்றடிக்கும் காலங்களில் இந்நுண்மண் வீடுகளுக்குள் புகுகிறது. சிலிக்கா கலந்த நுண்தூசியை நெடுங்காலம் சுவாசிப்பது நுரையீரலைக் கெடுக்கும். சுரங்கத் தொழிலாளரைத் தாக்கிய சிலிகோசிஸ் நோய்க்கு இன்றும் முழுக் குணம் இல்லை, தடுப்பதே வழி.

2001இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் சுரங்கங்களை மூடியது. அதுவரை வீடு, குடிநீர், மருத்துவம் ஆகிய அனைத்தையும் கவனித்தது சுரங்க நிர்வாகமே. சுரங்கம் மூடப்பட்டதும் இப்பொறுப்புகள் நிலையான உரிமையாளர் இன்றி நின்றன. சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயம் என்ற விதி 2003இல்தான் வந்தது. தங்கவயலுக்கு அது பயன்படவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மண்குன்றுகளின்மீது வளமண் பரப்பிப் புல்லும் செடியும் வளர்த்து, குடியிருப்புகளை ஒட்டிக் காற்றுத்தடுப்பு மரவரிசை அமைத்தல். இரண்டாவது, கழிவுநீர்த் தொட்டிகளையும் சாக்கடைகளையும் இயந்திரங்களால் மட்டுமே தூய்மை செய்தல். ஆபத்தான முறையில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. மூன்றாவது, தண்ணீர், தூசி, துப்புரவு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் ஒரே அமைப்பை ஏற்படுத்தி, அதில் லைன்வாசிகளுக்கும் இடமளித்தல்.

தொழில் முடிந்தாலும் மக்கள் வாழ்வு முடிவதில்லை. தொழிற்சாலையைத் திட்டமிடும் நாளிலேயே அதனைச் சூழ்ந்த குடியிருப்பின் நலத்தையும், தொழில் நின்றபின் அதனைக் காப்பவர் யார் என்பதையும் முடிவு செய்தலே முழுமையான வளர்ச்சியாகும்.