வாக்கெடுப்புக்குப் பின்னர் நிகழ்வது என்ன?

பொது வாக்கெடுப்பில் மக்கள் தம் விருப்பத்தைத் தெரிவிக்கின்றனர். ஆனால், அவ்விருப்பம் தானாகவே சட்டமாகிவிடுவதில்லை. இதற்குச் சிங்கப்பூர் தக்க சான்றாகும்.

1962 செப்டம்பர் 1ஆம் நாள் அங்கு இணைப்பு வாக்கெடுப்பு நடைபெற்றது. சீட்டில் மூன்று வகை இணைப்புகள் இருந்தன. 'இணைப்பு வேண்டா' என்பதற்கு இடமில்லை. அரசு ஆதரித்த முதல் வகைக்கு ஏறத்தாழ 71 விழுக்காட்டு வாக்குகள் கிடைத்தன. வெற்றுச் சீட்டு இடுமாறு பாரிசான் சோசியாலிஸ் கட்சி கோரியது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் சீட்டுகள் வெற்றாகவே விழுந்தன.

பின்னர், 1963 ஜூலை 9இல் இலண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்டங்கள் இயற்றப்பட்டன. செப்டம்பர் 16இல் மலேசியா உதயமாயிற்று.

1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் பிரிந்தபோதோ, மக்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. இரு அரசுகளின் உடன்பாடும் நாடாளுமன்றத்தின் சட்டத் திருத்தமுமே போதுமாயின. ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் வாழ்ந்த உறவினர் ஒரே நாளில் இரு நாட்டவராயினர்.

தோட்டத்திலும் இதுவே முறை. சங்கக் கூட்டத்தில் கையுயர்த்தி எடுக்கும் முடிவு, கூட்டு ஒப்பந்தத்தில் இடம்பெற்றால்தான் நிருவாகத்தைக் கட்டுப்படுத்தும். ஆகவே, வாக்களிக்குமுன் வினாவைப் படியுங்கள். வாக்களித்தபின் எழுத்தில் வந்ததையும் படியுங்கள்.