பதிவிடும் முன் ஒரு தடவை வாசியுங்கள்

வியாபாரச் சகோதரர்களே! கடையில் வாய் தவறிச் சொன்னதை அந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளலாம். முகநூலில் எழுதியது அப்படியல்ல. நாம் அழிப்பதற்குள் யாராவது படமெடுத்து அனுப்பிவிடுவார்கள்.

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிங்களத்தில் வந்த ஒரு பதிவுக்கு முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் எழுதினார். 'அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்' என்பது அதன் பொருள். ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. பலர் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார்கள். பள்ளிவாசல்களுக்கும் கடைகளுக்கும் கல் எறிந்தார்கள். ஊரடங்கு போடப்பட்டது. எழுதியவர் கைதானார். கல் எறிந்தது குற்றம், அதற்கு நியாயமே இல்லை. ஆனாலும் நம் கையில் இருப்பது நாம் எழுதும் எழுத்து மட்டும்தான்.

வியாபாரப் பதிவுக்கும் இதே கவனம் வேண்டும். எருக்கலம்பிட்டியிலிருந்து கருவாடு விற்பவர் 2,400 ரூபா என்பதில் ஒரு சைபரை விட்டால் 240 ஆகிவிடும். புத்தளத்து வாடிக்கையாளர் அந்த விலையைத்தான் கேட்பார். விலை பற்றிப் பொய்யான தகவல் கொடுப்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டமும் தடுக்கிறது.

ஆகவே இவற்றைப் பழக்கமாக்குங்கள்:

1. எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள்.
2. விலை, நிறை, திகதி, தொலைபேசி இலக்கம் நான்கையும் தனித்தனியே சரிபாருங்கள்.
3. சிங்களம், ஆங்கிலம் என்றால் அந்த மொழி நன்கு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.
4. கோபம் இருக்கும்போது எதையும் பதிவிடாதீர்கள்.

இதற்கு ஐந்து நிமிடம் போதும். கெட்ட பெயரைத் திருத்த வருடக்கணக்காகும்.