ஒரு மெல்லிய இடைவெளி

முன்சிந்தனை: உங்கள் வீட்டில் நெடுநாள்களாகப் பயன்படுத்தப்படும் ஒரு பொருளை நினைத்துப் பாருங்கள். அது இன்றும் பழுதில்லாமல் இருப்பதற்கு யார் காரணம்?

ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஏழு. சிராங்கூன் கார்டன்சில் இருக்கும் அத்தை வீட்டு முற்றத்தில் தாத்தாவின் மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. எங்கள் அடுக்குமாடி வீட்டில் இயந்திரத்தைப் பிரித்து வேலை செய்ய இடமில்லை. அதனால், முதல் நாள் மாலையே தாத்தா அதை ஓட்டிவந்து அங்கே நிறுத்தியிருந்தார்.

அது ஒரு ஹோண்டா சி70. தேக்காவில் பூ வியாபாரம் செய்த காலத்தில், தாத்தா தினமும் விடியற்காலையில் அதில்தான் மாலைகளைக் கோயில்களுக்குக் கொண்டு சேர்த்தார். ஜப்பானியரான சோய்ச்சிரோ ஹோண்டாவின் நிறுவனம் 1958ஆம் ஆண்டில் ‘சூப்பர் கப்’ என்ற சிறிய மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியது. உணவு கொண்டுசெல்பவர் ஒரு கையிலேயே ஓட்டும்படி, கையால் இயக்கும் கிளட்ச் இல்லாமல் அது வடிவமைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டிற்குள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 10 கோடி வண்டிகள் உலகெங்கும் தயாரிக்கப்பட்டுவிட்டன. தாத்தாவின் சி70 அவற்றுள் ஒன்று.

சில வாரங்களாகவே அந்த வண்டி தொல்லை கொடுத்தது. காலையில் பலமுறை உதைத்தால்தான் கிளம்பியது. மேம்பாலத்தில் ஏறும்போது திணறியது.

“ஆனால், முன்பைவிடச் சத்தம் குறைந்திருக்கிறதே, தாத்தா? ‘டிக் டிக்’ என்ற ஒலியே கேட்கவில்லை. இயந்திரம் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டேன்.

“அந்த ஒலி கேட்காததுதான் கண்ணு, எனக்குக் கவலையாக இருக்கிறது,” என்றார் தாத்தா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தா தரையில் அமர்ந்து, ஒரு பழைய நாள்காட்டியின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார்.

இயந்திரத்தின் சிலிண்டருக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றின் வழியாகப் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வரும். மற்றொன்றின் வழியாகப் புகை வெளியேறும். அந்த வாசல்களின் கதவுகள்தாம் வால்வுகள். ‘ராக்கர்’ எனப்படும் சிறிய நெம்புகோல் வால்வின் தண்டை அழுத்தும்போது கதவு திறக்கும். அழுத்தம் விலகியதும் சுருள்வில் அதை மூடிவிடும். இயந்திரம் நிமிடத்திற்கு 4,000 முறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் 2,000 முறை திறந்து மூடும்.

“வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் தண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு அது 0.05 மில்லிமீட்டர். நீ எழுதும் தாளின் கனத்தில் ஏறத்தாழப் பாதி,” என்றார் தாத்தா.

“அவ்வளவு சிறிய இடைவெளி எதற்கு?”

“சூடானால் உலோகம் விரிவடையும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பாயே! வண்டி ஓடும்போது வால்வின் தண்டு சற்று நீளும். நீள்வதற்கு இடமில்லை என்றால், அது ராக்கரில் முட்டிக்கொள்ளும். கதவு முழுமையாக மூடாது.”

இடைவெளி அதிகமானால், ராக்கர் தண்டைத் தட்டும் ஒலி பெரிதாகக் கேட்கும். வால்வு போதிய அளவு திறக்காது. வண்டியின் வேகம் குறையும். இடைவெளி இல்லாமல் போனாலோ ஒலியே இருக்காது. ஆனால், சரியாக மூடாத வால்வின் வழியே அழுத்தம் கசியும். அதனால் இயந்திரம் கிளம்பச் சிரமப்படும். புகை வெளியேறும் வால்வு கடும் சூட்டில் வேலை செய்கிறது. அது மூடியிருக்கும் நேரத்தில்தான் தன் சூட்டை உலோக இருக்கைக்குக் கடத்தித் தணிகிறது. மூட முடியாத வால்வு சூடு தணியாமல் நாளடைவில் கருகிவிடும்.

“சத்தம் போடும் வால்வு தன் குறையைச் சொல்லிவிடுகிறது. சத்தம் போடாத வால்வை நாம்தான் கவனித்துப் பார்க்க வேண்டும்,” என்றார் தாத்தா.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதுதான் இந்த இடைவெளியை அளக்க வேண்டும். தாத்தா வண்டியை முதல் நாளே கொண்டுவந்து, இரவு முழுவதும் ஆறவிட்டதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தாத்தா முதலில் வால்வுகளின் மேலிருந்த இரண்டு வட்ட மூடிகளையும் கழற்றினார். பிறகு, இடப்பக்க மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சுழல்சக்கரத்தைக் காட்டினார். அதில் ‘டி’ என்ற குறி பொறிக்கப்பட்டிருந்தது. அந்தக் குறி இயந்திரத்தின் உடலில் உள்ள குறியோடு பொருந்தினால், பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். நான் ஸ்பேனரால் சக்கரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினேன். குறிகள் பொருந்தின.

“பொருந்திவிட்டது, தாத்தா!”

“அவசரப்படாதே. பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒருமுறை புகையை வெளியே தள்ளும்போது வரும். அப்போது அளந்தால் தவறாகிவிடும். கலவையை அழுத்தும்போது வரும் உச்சியில்தான் இரண்டு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். மேலே இருக்கும் வால்வைப் பார்த்துக்கொண்டே திருப்பு. அது திறந்து மூடிய பிறகு வரும் ‘டி’ குறிதான் நமக்கு வேண்டியது.”

மீண்டும் திருப்பினேன். மேல் வால்வு கீழிறங்கி, மேலெழுந்தது. அடுத்து வந்த குறியில் நிறுத்தினேன்.

தாத்தா ஒரு துணிப்பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ‘பீலர் கேஜ்’ என்ற அளவுகோல் இருந்தது. விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறிக்கப்பட்டிருந்தது. “சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது. 2017இல் அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள், இது மட்டும் என்னிடம் இருக்கிறது,” என்று புன்னகைத்தார்.

0.05 என்று குறிக்கப்பட்ட தகடு மேல் வால்வின் இடைவெளியில் எளிதாக நுழைந்தது. கீழ் வால்வில் அது நுழையவே இல்லை. தாத்தா நினைத்தது சரிதான். நெடுங்காலம் ஓடியதால், அந்த வால்வு தன் இருக்கைக்குள் சிறிது சிறிதாக அமிழ்ந்து, இடைவெளி அடைபட்டிருந்தது.

தாத்தா நட்டைத் தளர்த்தினார். திருகை நான் திருப்பினேன். தகடு உள்ளே சென்றது. “இப்போது இழுத்துப் பார். மூடிய புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவுவதுபோல் இலேசாகப் பிடிக்க வேண்டும்,” என்றார். மூன்றாவது முயற்சியில் அந்தப் பிடிப்பு கைக்குப் புரிந்தது. மகிழ்ச்சியோடு நட்டை இறுக்கினேன். மறுபடியும் அளந்தபோது தகடு நுழையவில்லை!

“நட்டோடு சேர்ந்து திருகும் சுற்றிவிட்டது. திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு அளப்பதுதான் கணக்கு.”

மீண்டும் செய்தேன். இந்த முறை சரியாக இருந்தது.

கைகளைக் கழுவும்போது, மனத்தில் இருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். 2003ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்கு முன் பதிவுசெய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களை 2028ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதிக்குப் பிறகு சாலையில் ஓட்ட முடியாது என்று அரசாங்கம் 2018இல் அறிவித்தது. முன்கூட்டியே பதிவை நீக்குவோருக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை தருவதாகவும் கூறியது. தாத்தா அதைப் பெற்றுக்கொள்ளவில்லை.

“எப்படியும் இதை விட்டுவிடத்தானே வேண்டும், தாத்தா? பிறகு எதற்கு இவ்வளவு சிரமம்?”

தாத்தா சிறிது நேரம் வண்டியையே பார்த்தார். “காற்றின் தூய்மைக்காகத்தான் அந்தச் சட்டம் வந்தது. அது நியாயம்தான். வால்வு சரியாக மூடாவிட்டால், எரியாத பெட்ரோலும் புகையோடு வெளியேறும். இத்தனை ஆண்டுகள் எனக்குச் சோறு போட்ட வண்டி இது. கடைசி நாள் வரை ஊர்க்காற்றைக் கெடுக்காமல் ஓட வேண்டும் அல்லவா?”

மூடிகளைப் பொருத்திவிட்டு வண்டியை உதைத்தார். இரண்டாவது உதையிலேயே கிளம்பியது. காதைக் கூர்மையாக்கினேன். மிக மெல்லிதாக, ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்டது.

“எண்ணெய் தடவி வை; தகடு துருப்பிடித்தால் அளவு மாறிவிடும்,” என்று சொல்லி, தாத்தா அந்த அளவுகோலை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு தகடாகத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றினேன். திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“உன்னிடமே இருக்கட்டும். அடுத்த முறை நீ அளந்து சொல், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

சொற்பொருள்

திணறுதல் – சிரமப்படுதல்
நெம்புகோல் – ஒரு முனையை அசைத்து மறுமுனையை இயக்கும் தண்டு
அமிழ்தல் – உள்ளே இறங்குதல்
ஊக்கத்தொகை – ஒரு செயலைச் செய்யத் தூண்டும் வகையில் தரப்படும் பணம்

சிந்தித்து விடையளிப்போம்

1. இயந்திரத்தின் ஒலி குறைந்ததை நினைத்துத் தாத்தா ஏன் கவலைப்பட்டார்?
2. வண்டியை முதல் நாளே கொண்டுவந்து நிறுத்தியதன் காரணம் என்ன?
3. ‘இறுக்கிய பிறகு அளப்பதுதான் கணக்கு.’ இக்கூற்றை உங்கள் பள்ளி வாழ்க்கையோடு தொடர்புபடுத்தி விளக்குங்கள்.
4. விரைவில் கைவிடப்போகும் வண்டியைத் தாத்தா பழுதுபார்த்தது சரியா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் கூறுங்கள்.